அலறல் தேய்ந்த இடம்

மைக்ல இரைச்சல் வருதும்மா, கேபிளை மாத்திட்டு வந்துடறேன், பத்தே நிமிஷம்னு சொல்லிட்டு ரெக்கார்டிங் பண்ற பொண்ணு ரேஷ்மா போனா, கதவு தானா சாத்திக்கிச்சு. இந்தக் கதவு சாத்திக்கிட்டா அவ்வளவுதான், வெளியில இடி விழுந்தாலும் உள்ள கேக்காது. பத்து நிமிஷம்னா இருபதுன்னு அர்த்தம், முப்பத்துமூணு வருஷமா டப்பிங் பேசறேன், எனக்குத் தெரியாதா. உக்காரலாம்னா ஸ்டூல்ல யாரோ டீ கொட்டியிருக்காங்க, காஞ்சு பிசுபிசுன்னு இருக்கு, தொட்ட விரலை எங்க துடைக்கறதுன்னு தெரியாம முந்தானையிலயே துடைச்சேன், இப்ப முந்தானையும் பிசுபிசுன்னு ஆச்சு. சீ. இந்த ரூமுங்களுக்கெல்லாம் ஒரே நாத்தம். சுவரு பூரா ஒட்டின கார்ப்பெட்ல ஊறின ஈரம், எவனோ தின்ன பிரியாணி, எவளோ அடிச்ச சென்ட்டு, மைக்குக்கு முன்னாடி நிக்கற அந்தக் கறுப்புத் துணித் தட்டுல நூறு பேரோட எச்சி. அதுக்கு முன்னாடி வாயைத் திறந்துதான் நான் சோறு தின்னேன், பொண்ணைப் படிக்க வெச்சேன், குறை சொல்லக் கூடாது, ஆனா இன்னைக்கு அந்தத் தட்டைப் பாத்தாலே குமட்டுது. பிலோமினா, வயசு அம்பத்துமூணு, ராயபுரத்துலேர்ந்து பஸ் புடிச்சு பட்டப்பகல் பதினொரு மணிக்கு சாலிகிராமம் வந்திருக்கா, எதுக்கு, ரெண்டரை செகண்டு அலறதுக்கு. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கழுத்துல இன்னொரு வெள்ளைக்காரி பல்லை வெப்பா, அப்ப அலறணும். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கதவு மூடுகிறதுன்னு சொல்றதும் இந்த வாய்தான், சீரியல்ல மருமகளை நார் நாராக் கிழிக்கறதும் இந்த வாய்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்சோல் ரூம்ல தியாகராஜன் சார் உக்காந்திருக்கார், எண்பது வயசு, நெத்தி நிறைய விபூதி, மடியில கைத்தடி. முப்பத்துமூணு வருஷம் முன்னாடி இந்தப் படத்தைத் தமிழ்ல பேசினப்ப டப்பிங் இன்சார்ஜ் அவர்தான். யாருக்கு எந்தக் குரல், எப்படிப் பேசணும், எத்தனை டேக், எல்லாம் அவர் வெச்சதுதான் சட்டம். பக்கத்துல கௌஷிக் கேமராவை ஸ்டாண்டுல ஏத்திக்கிட்டு இருக்கான். அவங்க வாய் அசையுது, சத்தம் வரல, சிரிக்கறாங்கன்னு மட்டும் தெரியுது. பாக்க வேணாம்னு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன். அடுத்த நிமிஷமே திரும்பவும் இந்தப் பக்கமே திரும்பிக்கிட்டேன். அந்த ஆளுக்கு முதுகைக் காட்டி நிக்க என்னால முடியாது.

கௌஷிக் கெட்டவன் இல்ல. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பழைய படம்னா உயிரை விடறான். வெளிநாட்டுல ஒரு கம்பெனி இருக்காம், யாரும் சீந்தாத பழைய படமெல்லாம் தேடிப் புடிச்சு, அழுக்கு எடுத்து, கலர் ஏத்தி, டிஸ்க்ல போட்டு விப்பாங்களாம், அவங்களுக்கு இவன் இங்கேர்ந்து வேலை பாக்கறான். ஆன்ட்டி, இது சாதாரணப் படம் இல்ல, சைக்கடெலிக், ஐரோப்பாவுலயே இப்படி ஒரு எரோட்டிக் வேம்பயர் படம் கிடையாது, கல்ட் ஆன்ட்டி கல்ட்டுன்னு போன்ல மூச்சு விடாம சொன்னான். என்ன கல்ட்டோ கருமமோ. தமிழ்ல அதுக்கு ரத்தக் கோட்டை ராஜகுமாரின்னு பேரு வெச்சாங்க, அதோட சொந்தப் பேரு அன்னைக்கும் என் வாயில நுழையல, இன்னைக்கும் நுழையல. முழுசா நான் பாத்ததும் இல்ல, துண்டு துண்டாதான் பாத்திருக்கேன். ஊதா லைட்டு, பச்சை லைட்டு, ஒரு மீன் தொட்டி, மீனுங்க ஆளுங்க மூஞ்சி மேல நீந்தற மாதிரி, நடுவுல நம்ம ஊரு சிதார் சத்தம் எதுக்குன்னே தெரியாம, உருகற மெழுகு, ரோமக் கோட்டு போட்ட ஒருத்தி கண்ணு இமைக்குப் பச்சை பூசிக்கிட்டு படிக்கட்டுல இறங்கிக்கிட்டே இருப்பா, இறங்கி முடியாது. கேமரா கிட்ட போகும், தள்ளிப் போகும், கிட்ட போகும், பாத்தா வயித்தைப் பிரட்டும். கண்ணாடி மேஜை மேல படுத்திருக்கற பொண்ணுக்குதான் என் குரல். இன்னைக்குக் காலைல கௌஷிக் அந்த டிஸ்க் பெட்டியைக் கையில குடுத்தான், மாதிரிக்கு அடிச்சதாம். கறுஞ்சிவப்பு அட்டை, மேல வெல்வெட் மாதிரி ஏதோ பூசியிருக்கு. தொட்டுப் பாருங்க ஆன்ட்டின்னான். தொட்டேன், செத்த எலி முதுகைத் தொட்ட மாதிரி இருந்துச்சு, கையைச் சட்டுனு எடுத்துட்டேன். மூவாயிரம் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டது, வெளியில வரதுக்கு முன்னாடியே எல்லாம் புக் ஆயிடுச்சாம். உள்ள ஒரு புத்தகம், ஒரு போஸ்டர். பின்னட்டையில இங்கிலீஷ்ல இருக்கறதை அவனே படிச்சுக் காட்டினான், தொண்ணூத்தி ஒண்ணாம் வருஷத்துத் தமிழ் ஒலி, அந்தப் புகழ்பெற்ற அலறலுடன். புகழ்பெற்ற அலறல். ஜெர்மனியில ஒருத்தன் அதை ரிங்டோனா வெச்சிருக்கானாம். அவன் பொண்டாட்டி கூப்பிடறப்ப நான் அலறுவேன் போல. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்கறான், நான் பூரிச்சுப் போகணும்னு. பெட்டியை அவன் கையிலயே திருப்பிக் குடுத்தேன்.

சின்ன பேட்ச் வேலை ஆன்ட்டின்னுதான் போன்ல சொன்னான். பேட்ச்னா ரெண்டு வார்த்தை, ஒரு வரி, எங்கயாவது சத்தம் விட்டுப் போயிருக்கும், ஒட்டுப் போடணும். நானும் சரின்னேன். இங்க வந்தப்புறம்தான் எந்த இடம்னு தெரியுது. தமிழ் ஒலி வேற எங்கயும் இல்லையாம், திருப்பூர்ல மூடிப்போன ஒரு வீடியோ லைப்ரரியில ஒரே ஒரு கேசட் கிடைச்சுதாம், அதுலேர்ந்து எடுத்தாங்களாம். மத்ததெல்லாம் சுமாரா வந்திருக்கு, அலறல் வர இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல, உஸ்ஸுனு ஒரு சத்தம், படத்துல கோடு கோடா. ஏம்பா அப்படின்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தேய்மானம் ஆன்ட்டி, அந்த இடத்தையே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்திருக்காங்க, பாஸ் பண்ணிப் பண்ணி நிறுத்தியிருக்காங்க, டேப்பு தேஞ்சு போச்சு, எவ்ளோ லவ் பாருங்கன்றான். லவ்வாம். திருப்பூர்ல பொண்டாட்டியைக் கோயிலுக்கு அனுப்பிட்டு, ஜன்னல்ல திரையை இழுத்து விட்டுட்டு, பனியனோட உக்காந்து ரிமோட்டை அமுக்கினவன் எத்தனை பேரு. ஒரு வாரம் ஒருத்தன், அடுத்த வாரம் அடுத்தவன், அதே கேசட்டு, அதே இடம், அதே கட்டை விரல். படம் தேஞ்சது அந்த நடிகை மேல, சத்தம் தேஞ்சது என் மேல. எனக்கு அந்தக் கட்டை விரலுங்க எல்லாம் என் இடுப்பு மேல ஊர்ற மாதிரி இருக்கு, இப்பவும், இந்த நிமிஷமும், கையால தட்டி விடறேன், யாராவது பாத்தா கொசு அடிக்கறேன்னு நெனைப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். தேஞ்சு போச்சுன்னு அவன் சொன்னதும், மாதாவே, நெஞ்சுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, முப்பத்துமூணு வருஷத்துல அப்படி ஒரு நிம்மதி வந்ததில்ல. போச்சா, தொலைஞ்சுதா, உலகத்துல எங்கயுமே இல்லையா. ஜெர்மன்காரன் போன்ல இருக்கறதுகூட அரைகுறையா, இரைச்சலோட இருக்காம், டிஸ்க்ல போட லாயக்கில்லையாம். சரி, ஒழிஞ்சுது சனியன்னு நெனைச்ச அதே மூச்சுல, அதான் ஆன்ட்டி உங்களைக் கூப்பிட்டோம், நீங்க இன்னொரு தடவை அலறிட்டா போதும்னான்.

இன்னொரு தடவை. அன்னைக்கு அலறினது நானான்னே எனக்கு சந்தேகம். கோடம்பாக்கம், ஜூலை மாசம், எனக்கு இருபது வயசு, அது எனக்கு மூணாவது படம். அப்பல்லாம் லூப்பு. சீனை வெட்டி ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி மாட்டிடுவாங்க, அது சுத்திச் சுத்தி வரும், மூணு தடவை பீப் அடிக்கும், நாலாவதுல வாயைத் திறக்கணும். உதடு ஒட்டற இடத்துல நம்ம உதடும் ஒட்டணும், இல்லேன்னா திரும்பவும் முதல்லேர்ந்து. வாசல்ல ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும், பொம்பளைங்க உள்ள போறதுக்கு முன்னாடி வளையல், கொலுசு, வாட்ச்சு எல்லாம் அதுல கழட்டி வெச்சிடணும், மைக்குல கிலுகிலுன்னு கேட்டுடும்னு. பட்டுப் புடவையும் கூடாது, சரசரக்கும். மொட்டைக் கையோட, நூல் புடவையோட உள்ள நிக்கறேன். டயலாக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு, அலறல் மட்டும் வரல. ஒம்பது டேக்கு. எங்க வீட்ல நாங்க அஞ்சு பேரு, ஒரே ரூம், அதுல சத்தமா தும்மினாலே அப்பா முறைப்பார், எனக்கு எங்கேர்ந்து அலறத் தெரியும். என்னம்மா எலியைப் பாத்தவ மாதிரி கீச்சுங்கறே, ரத்தம் குடிக்கறாம்மா உன் ரத்தத்தைன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து டாக்பேக் ஸ்பீக்கர்ல தியாகராஜன் சார் கத்தறார். எனக்கு அழுகை. அப்ப அவர் உள்ள வந்தார். கோவமே இல்ல மூஞ்சியில, சிரிச்ச முகம். பிலோ, ஒரு ஊக்கு இருந்தா குடும்மா, சட்டைப் பட்டன் போச்சுன்னார். தோள்ல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி நானே குடுத்தேன். நானே. இன்னும் அந்த இடத்துலதான் என் நெனப்பு போய் முட்டி முட்டி நிக்குது, சட்டையைப் பாத்தேனா, பட்டன் இருந்துச்சா இல்லையா, பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே, ஏன் பாக்கல. நான் பின்னாடி நின்னு க்யூ தரேன், நீ திரையை மட்டும் பாருன்னார். தோள்ல கை வெச்சார். புகையிலை நாத்தம் காதுகிட்ட, சூடா. முதல் பீப். ரெண்டாவது பீப். இடுப்புல, ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவுல, துணி இல்லாத அந்த இடத்துல, மூணாவது பீப் முடிஞ்ச அந்த நிமிஷம், என் ஊக்கை எடுத்து எனக்குள்ளயே இறக்கினார். கொஞ்சம் இல்ல. முழுசா.

அலறினேன். எப்படி அலறினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம் நடந்ததுதான், அதை நெனைச்சாத்தான் என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு. நான் திரும்பல. லூப்பு ஓடுது, டேக்கு போகுது, டேக்கைக் கெடுக்கக் கூடாது, அதான் எங்க தொழில்ல முதல் பாடம், கண்ணு திரையை விட்டு நகரல. அந்தப் பொண்ணு அலறி முடிச்சு மூச்சு வாங்குவா, நானும் வாங்கினேன், விட்டுடு என்னை விட்டுடுன்னு முனகுவா, நானும் முனகினேன், உதடு அச்சு அசலா ஒட்டிச்சு. ஊக்கு உள்ளயே இருக்கு. அது பேய்கிட்ட சொன்ன வசனமா, பின்னாடி நின்ன ஆள்கிட்ட சொன்னதான்னு யாருக்குத் தெரியும். எவன் கேட்டான். டேக் ஓகேன்னு கத்தினாங்க, கை தட்டினாங்க, இதும்மா ஆக்டிங்னு புரொடியூசர் டாக்பேக்ல சொன்னார். அவர் ஊக்கை உருவி, நுனியில ரத்தம், இந்தாம்மான்னு குடுத்தார். நான் வாங்கி, முந்தானையில துடைச்சு, திரும்பவும் தோள்ல குத்திக்கிட்டு, தேங்க்ஸ் சார்னேன். சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிப்பு எங்கேர்ந்து வந்துச்சு, எனக்கு வலிச்சுது, பாவாடை நாடா வரைக்கும் ஈரமாயிடுச்சு, அப்ப ஏன் பல்லைக் காட்டினேன். கல்யாணமான ரெண்டாவது வாரம் இதையே காமெடியா எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பாவி மனுஷன்னு சொல்லிட்டு அவரும் சிரிச்சார். தொழில்ல அதுக்கு ஊக்கு டேக்னே பேரு வந்துடுச்சு. புதுசா வர பொண்ணுங்ககிட்ட நானே சொல்லுவேன், ஒழுங்கா பேசலேன்னா சார் ஊக்கு டேக் எடுத்துடுவார் ஜாக்கிரதைன்னு, விளையாட்டா. அரக்கோணத்துலேர்ந்து கோமதின்னு ஒருத்தி வந்தா, பத்தொம்பது வயசு, மூக்குல சின்ன சிவப்புக் கல்லு. அவளைக் குத்தினப்ப நானும் அந்த ரூம்லதான் கூட்டத்துக்குச் சத்தம் குடுக்க நின்னேன். அவ அலறல, உக்காந்து அழுதா. நான் என்ன சொன்னேன். அய்யே, இதுக்குப் போயி அழறியா, எனக்குந்தான் குத்தினார், நான் சிரிக்கலையா. அவ எழுந்து போனா, தட்டுல இருந்த வளையலைக்கூட எடுத்துக்கல, செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடிட்டா. அப்புறம் வரவே இல்ல. சிரிப்பாலயே அவளுக்கு இன்னொரு குத்து குத்தினவ நான்தான். தண்ணி குடிக்கலாம்னு ஸ்டூடியோ பாட்டிலைத் திறந்தா மூடியில யாரோட லிப்ஸ்டிக்கோ இருக்கு. அய்யோ, வேணாம்.

இன்னைக்குக் காலைலயும் அதேதான். கன்சோல் ரூமுக்குள்ள கால் வெச்சேன், அவர் இருப்பார்னு எவனும் சொல்லல. அவர்கிட்ட ஒரு பேட்டி ஏற்கெனவே எடுத்தாச்சாம், இன்னைக்கு நடக்கறதையும் படம் புடிச்சு அதோட சேக்கப் போறாங்களாம், டிஸ்க்ல கூடுதலா வருமாம், இருபது நிமிஷம், அலறல் பிறந்த கதைன்னு தலைப்பு. போன்ல போட்டுக் காட்டினான் கௌஷிக். அவர் விபூதியும் சால்வையுமா உக்காந்து, பொண்ணுக்கு வரல சார், நான்தான் வரவழைச்சேன்னு ஊக்கு புடிக்கற மாதிரி ரெண்டு விரலைச் சேத்துக் காட்டறார். கேமராவுக்குப் பின்னாடி யாரோ விழுந்து விழுந்து சிரிக்கறான், கௌஷிக் சிரிப்புதான். என்னைப் பாத்ததும் கிழவர் கைத்தடியைத் தூக்கினார். என்ன பிலோ, ஊக்கு கொண்டாந்திருக்கியா, நான் கொண்டாரட்டுமான்னார். ரூமே சிரிச்சுது. நானும். என் வாய் தானா திறந்துச்சு, ஹிஹின்னு சத்தம் வந்துச்சு, சீ, அம்பத்துமூணு வயசு வாயி, அதுக்குள்ள அந்த இருபது வயசு பல்லு இன்னும் இளிச்சுக்கிட்டே இருக்கு. ரேஷ்மா மட்டும் சிரிக்கல. என்ன ஊக்குன்னு கேட்டா. பேட்டியில வரும் பாரு, செம ஸ்டோரின்னான் கௌஷிக். அவ என்னையே பாத்தா, நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கிளம்பிடலாம், இப்பவே, பை வெளியிலதான் இருக்கு. தலைவலி, பீ.பி., ஏதோ சொல்லிட்டுப் போயிடலாம். அதுக்கும் வழி இல்லாம பண்ணி வெச்சிருக்கான். குரல் வரலேன்னா டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி, படத்துல உங்க மத்த வசனமெல்லாம் இருக்கே, அதைக் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தா அதுவே உங்க குரல்ல அலறிடும்னான். அன்பாதான் சொன்னான். நான் போனா அது அலறும். நான் நின்னா நான் அலறணும். ரெண்டுல எதுன்னாலும் அந்தக் கிழவர் விரலைக் காட்டின அடுத்த நிமிஷம் மூவாயிரம் வீட்டுல அது ஓடும், எவனோ ஒருத்தன் ரிமோட்டை எடுப்பான், திரும்பவும் அந்த இடத்தையே தேய்ப்பான், நல்ல ஆக்டிங் இல்லன்னு சொல்லுவான். எங்கயாவது கோமதி பொண்ணோ பேத்தியோ அதைக் கேட்டு சிரிச்சாலும் சிரிக்கும். எனக்கு அதான் தாங்கல. அலறினது இருக்கட்டும், போகட்டும். அது நடிப்பு இல்லன்னு ஒரே ஒரு மனுஷனுக்காவது தெரியணும். அதை நான் எங்க போய்ச் சொல்றது. பேட்டி வேணுமா ஆன்ட்டின்னு என்னை எவனும் கேக்கல. கேட்டிருந்தாலும் சிரிச்சுத் தொலைச்சிருப்பேன்.

கதவு திறந்துச்சு. ரேஷ்மா புது கேபிளை மாட்டினா, மைக்கை என் வாய் உயரத்துக்கு இறக்கினா, அந்தத் துணித் தட்டைப் பாத்துட்டு, சொல்லாமலே அதைக் கழட்டி வேற புதுசா ஒண்ணு மாட்டினா. அம்மா, ஏதாவது வேணுமான்னா. வேணாம்மான்னேன். அவ போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்தா. தலையில ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டேன், எவன் காது எண்ணெயோ அதுல. எதுர்ல டிவியில அந்தப் பொண்ணு கண்ணாடி மேஜை மேல படுத்திருக்கா. அழுக்கு எடுத்து, கலர் ஏத்தி, முன்னைவிடத் தெளிவா இருக்கா, மேல் உதட்டுல வேர்வை தெரியுது, கழுத்து நரம்பு தெரியுது. அவளுக்கும் இருபது வயசுதான் இருக்கும், இத்தனை நாள் நான் இதைக் கவனிச்சதே இல்ல, அவ வாயைத்தான் பாத்தேன். இவளை யார் குத்தினாங்களோ. பச்சை இமைக்காரி குனியறா. பீப், பீப், பீப். முதல் தடவை சும்மா பாக்கறதுக்கு. வாய் பெருசா திறக்குது, அகலுது, ஒடுங்குது, திரும்ப அகலுது. ரெண்டரை செகண்டு. உதடு ஒரு இடத்துலகூட ஒட்டல. முப்பத்துமூணு வருஷப் பழக்கம், என்னைக் கேக்காமலே மண்டை கணக்குப் போடுது, பானா வரக் கூடாது, மானா வரக் கூடாது, உதடு ஒட்டாத வார்த்தையா இருந்தா இந்த வாய்க்குள்ள உக்காரும். எதுக்கு வார்த்தை தேடறேன். அலறலுக்கு எதுக்கு வார்த்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிழவர் கைத்தடியை ஊனி எழுந்துட்டார், ரெண்டு விரலைச் சேத்து என்னைப் பாத்து ஆட்டிக் காட்டறார், கௌஷிக் கேமராவை அவர் பக்கம் திருப்பறான், ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. என் கன்னம் இழுக்குது. சிரிப்பு வரப் போகுது, எனக்குத் தெரியும், அது வர வழி எனக்குத் தெரியும், பல்லைக் கடிச்சேன். வராதே. இந்தத் தடவை வந்தா உன்னைச் செருப்பால அடிப்பேன்.

"ரோலிங்மா, டேக் ஒண்ணு." ரேஷ்மா குரல் காதுல. சிவப்பு லைட்டு எரியுது. முதல் பீப். இடுப்புல அந்த இடம் சுருங்குது. ரெண்டாவது பீப். பின்னாடி யாரும் இல்ல, சுவருதான், எனக்குத் தெரியும், இருந்தாலும் புகையிலை நாத்தம் அடிக்குது. மூணாவது பீப். அவ வாய் திறந்துச்சு. நானும் திறந்தேன்.

"குத்தாதீங்க சார், கையை எடுங்க!"

கத்தல. அழல. நல்ல கணீர்னு, லிஃப்ட்ல கதவு மூடுகிறதுன்னு சொல்ற அதே குரல்ல, ஒவ்வொரு எழுத்தும் புரியற மாதிரி சொன்னேன். குத்தான்றப்ப அவ வாய் அகலுது, தீங்கன்றப்ப ஒடுங்குது, சார் கையைன்றப்ப திரும்ப அகலுது. அவ முப்பத்துமூணு வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா போல இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூச்சு வாங்கினா, நான் வாங்கல. படம் நின்னுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌஷிக் கேமரா மேல கை வெச்சபடியே நிக்கறான், வாய் பாதி திறந்திருக்கு. கிழவர் அந்த ரெண்டு விரலை இன்னும் கீழ இறக்கல, ஆனா சிரிப்பு போயிடுச்சு. அவன் பக்கம் திரும்பி என்னமோ சொல்றார். சத்தம் வரல, ஆனா நான் ஆயுசு பூரா உதட்டைப் படிச்சே பொழைச்சவ, என்னடா உளர்றா இவ, வேற எடுங்கன்றார். எனக்குப் பயமா இருக்கு, ஆமா, பயமாதான் இருக்கு. ஆனா கன்னம் இழுக்கல. தொட்டுப் பாத்தேன், வாய் மூடியிருக்கு, பல்லு தெரியல.

டாக்பேக் க்ளிக்குன்னுச்சு. ரேஷ்மா, பின்னாடி அவர் பேசறதைத் திரும்பிப் பாக்காம, என்னையே பாத்துக்கிட்டு, "அம்மா, லிப் சிங்க் கரெக்டா உக்காந்திருக்கு"ன்னா. குரல் லேசா உடைஞ்சிருந்துச்சு. "சேவ் பண்ணிட்டேன். சேஃப்டிக்கு இன்னொண்ணு போகலாமா?"

"போடும்மா. இந்தத் தடவை பேரையும் சேத்துச் சொல்றேன். தியாகராஜன், கொஞ்சம் நீளம்தான். ஆனா உதடு ஒட்டாது, உக்காந்துடும்."